மருந்து போட்டால் எரிகிறதா? டியூபைத் தூக்கி எறியும் முன்...

மாசி, பங்குனி மாதங்களில் முதுகுளத்தூர் பக்கம் பஸ்ஸில் போனால் வழியெல்லாம் சிவப்பு. களத்தில், சாலையோரத்தில், வீட்டு வாசலில் என எங்கும் காய்கிற முண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் இதுதான்.

அந்த வத்தலைத் தரம் பிரித்து மூட்டை கட்டும் பெண்களில் ஒருவரை நினைத்துப் பாருங்கள். வயது முப்பத்தைந்து இருக்கும். கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் பல வருடமாகக் கரப்பான். வியர்வை பட்டால் அரிப்பு, சொறிந்தால் புண், ஆறினால் கறுப்பு. கூலி நாளை விட்டுவிட்டு ராமநாதபுரம் போய்த் தோல் மருத்துவரைப் பார்க்கிறார். மருத்துவர் ‘டாக்ரோலிமஸ்’ என்ற களிம்பை எழுதித் தருகிறார்.

அன்று இரவு பூசிய ஐந்தாவது நிமிடம் அலறல்.

“அயித்தே, மொளகாப் பொடிய அள்ளித் தேச்ச மாதிரி காந்துது!”

“ஒடம்புக்கு ஒத்துக்கலத்தா. மொதல்ல கழுவிரு” என்கிறார் மாமியார்.

மறுநாள் மருந்துக்கடை. “அண்ணே, எரியாம, அரிப்பு ஒடனே நிக்கிற மாதிரி ஏதாச்சும் குடுங்க.” சின்ன டியூப் ஒன்று கைக்கு வருகிறது. பூசினால் குளுகுளுவென்று இருக்கிறது. மூன்றே நாளில் அரிப்பு போன இடம் தெரியவில்லை. மருத்துவர் கொடுத்த களிம்பு அலமாரியில் ஒதுங்குகிறது. மகனுக்கு இடுப்பில் படர்தாமரை வந்தபோதும் அதே சின்ன டியூப்தான்.

ஆறு மாதம் கழித்து, கழுத்துத் தோல் மெலிந்து, சிவந்து, வெயில் பட்டாலே எரிகிறது. டியூபை ஒரு நாள் நிறுத்தினால் அரிப்பு இரண்டு மடங்காகத் திரும்புகிறது. மகனின் படர்தாமரை இடுப்பில் இருந்து தொடைக்கு இறங்கிவிட்டது.

முதுகுளத்தூர் என்றில்லை, இந்தக் குடும்பத்தைத் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் பார்க்கலாம். முதல் மருந்து காந்தியது, ஆனால் சரியான மருந்து அதுதான். இரண்டாவது இதமாக இருந்தது, கெடுத்ததும் அதுதான். பூசும்போது எப்படி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒரு மருந்தை எடைபோட்டால் இப்படித்தான் ஆகும்.

மிளகாயும் களிம்பும் தட்டுகிற ஒரே கதவு

“மிளகாய்ப் பொடி தேய்த்த மாதிரி” என்று அந்தப் பெண் சொன்னது வெறும் உவமை இல்லை. அறிவியலும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது.

நம் தோலில் இருக்கும் நரம்பு நுனிகளில் சூட்டை உணர்வதற்கென்றே ஒரு வாயில் இருக்கிறது. அதன் பெயர் டி.ஆர்.பி.வி.1. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது திறந்துகொண்டு, “சுடுகிறது” என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற பொருளும் இதே வாயிலைத் திறந்துவிடும். அதனால்தான் சூடே இல்லாத மிளகாய் நம்மைச் சுடுகிறது. 1997-ல் இந்த வாயிலைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

டாக்ரோலிமஸ் களிம்பும் இந்த வாயிலைத்தான் தட்டுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோல் வெந்துபோவதால் வரும் எரிச்சல் இல்லை இது. நரம்பு எழுப்பும் சத்தம். தொடர்ந்து தட்டத் தட்ட வாயில் மரத்துப்போகும். புதிதாக மிளகாய் பறிக்க வந்தவருக்குக் கை காந்துவதும், வருடக்கணக்கில் பறிப்பவர் அதைப் பெரிதாகச் சட்டை செய்யாததும் எல்லோரும் பார்த்ததுதான். இந்தக் களிம்பும் பலருக்கு முதல் சில நாட்கள் காந்திவிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். கரப்பான் ஆற ஆற எரிச்சலும் குறையும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் இரவிலேயே கழுவிவிடுபவர்தான் மறுநாள் மருந்துக்கடைக்குப் போகிறார்.

பொறுக்கலாமா, நிறுத்தணுமா?

எல்லா எரிச்சலையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. எரிச்சலில் மூன்று வகை உண்டு.

முதல் வகை: காந்தல். பூசிய சில நிமிடங்களில் தொடங்கும், அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்கும், நாளாக ஆகக் குறையும். தோலில் புதிதாக எந்த மாற்றமும் தெரியாது. இது பெரும்பாலும் பொறுக்கக்கூடியது. மருந்தைத் தொடரலாம்.

இரண்டாம் வகை: காய்தல். தோல் வறண்டு, லேசாகச் சிவந்து, மெல்லிய தாள் போல உரியும். பருவுக்குத் தரும் டிரெட்டினாயின், அடபலீன், பென்சாயில் பெராக்சைடு ஆகியவற்றிலும், சொரியாசிஸுக்குத் தரும் கால்சிபோட்ரியால் களிம்பிலும் இது வரலாம். அளவு கூடிவிட்டது, அல்லது அடிக்கடி போடுகிறோம் என்பதற்கு அடையாளம் இது. மருந்தை விட்டுவிடாமல் குறைத்தால் போதும்.

மூன்றாம் வகை: ஒவ்வாமை. காந்தலைவிட அரிப்பு அதிகமாக இருக்கும். நாளுக்கு நாள் கூடும். மருந்து படாத இடத்துக்கும் பரவும். கொப்புளம், நீர்க்கசிவு, கண்ணிமை வீக்கம் என்று போகும். இதில் பொறுமைக்கு இடமில்லை. மருந்தை நிறுத்தி, டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, காய்ச்சலோடு சீழ் வைத்தாலோ உடனே அவசர சிகிச்சை தேவை.

இன்னொன்றும் உண்டு. சொறிந்து சொறிந்து புண்ணான தோலில் எதைப் போட்டாலும் எரியும். அதனால் பல மருத்துவர்கள் முதலில் சில நாட்கள் அளவான ஸ்டீராய்டு களிம்பால் அழற்சியை அடக்கிவிட்டு, அதன்பின் டாக்ரோலிமஸைத் தொடங்குவார்கள். “ரொம்பப் புண்ணா இருக்கு, இப்பவே போடலாமா?” என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எரிச்சலைக் குறைக்கும் சின்னச் சின்ன வழிகள்

* ஈரத்தில் பூசக் கூடாது. குளித்து முடித்ததும் ஈரத்தோலில் போட்டால் பல மருந்துகள் அதிகமாக எரியும். துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, இருபது நிமிடமாவது காயவிட்டுப் பூசலாம். வெறும் ஈரப்பத க்ரீமுக்கு மட்டும் விதி தலைகீழ். தோலில் லேசான ஈரம் இருக்கும்போதே அதைப் பூச வேண்டும்.

* அளவு விரல் நுனிதான். ஆள்காட்டி விரலின் நுனியில் இருந்து முதல் கோடு வரை டியூபில் இருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அளவுள்ள தோலுக்கு அது போதும். டிரெட்டினாயின் என்றால் முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவுதான். கூடுதலாகப் போட்டால் பரு சீக்கிரம் போகாது, தோல்தான் உரியும்.

* ஒரு நாள் விட்டு ஒரு நாள். பருவுக்கான டிரெட்டினாயின், அடபலீன் போன்ற மருந்துகளை வாரத்துக்கு இரண்டு மூன்று இரவில் தொடங்கி, தோல் பழகப் பழகக் கூட்டலாம். முதலில் ஈரப்பத க்ரீம், நடுவில் மருந்து, மேலே மறுபடி ஈரப்பத க்ரீம் என்று போட்டாலும் எரிச்சல் தணியும். கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இந்த வகை மருந்துகளைத் தொடக் கூடாது.

* டியூபைக் குளிரவைக்கலாம். பூசுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு டாக்ரோலிமஸ் டியூபை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் காந்தல் குறைவாகத் தெரியும். அந்த வாயில் சூட்டுக்குத் திறப்பது, குளிர்ச்சிக்கு அமைதியாவது இயல்புதானே. பூசிய கையோடு வெந்நீரில் குளிப்பதும் அடுப்படியில் நிற்பதும் எரிச்சலைக் கூட்டும்.

* மருந்தோடு மருந்தைக் கலக்கக் கூடாது. செதிலை எடுக்கத் தரும் சாலிசிலிக் அமிலம், கால்சிபோட்ரியாலோடு சேர்ந்தால் அதன் வேலையையே கெடுத்துவிடும். எதைக் காலையில் போடுவது, எதை இரவில் போடுவது என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

* கை வைத்தியத்துக்கு விடுமுறை. எலுமிச்சைச் சாறு, பூண்டு விழுது, கல் உப்பு எல்லாம் ஏற்கெனவே நொந்திருக்கும் தோலை இன்னும் புண்ணாக்கும். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் கருந்திட்டு விழும். பூண்டு விழுதைக் கட்டி வைத்தால் தீப்பட்டது போலக் கொப்பளிக்கும்.

கோவா பவுடர் சொல்லும் கதை

எரிகிற மருந்தைப் பக்குவமாகக் கையாள்வது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. பிரேசில் காட்டு மரம் ஒன்றின் உள்ளே இருந்து எடுக்கும் மஞ்சள் தூள் ஒன்று, போர்ச்சுகீசியர்கள் வழியாகக் கோவாவுக்கு வந்து, படர்தாமரை மருந்தாகப் புழங்கியது. ‘கோவா பவுடர்’ என்றே அதற்குப் பெயர். 1870-களில் லண்டன் தோல் மருத்துவர் பால்மனோ ஸ்கொயர் அது சொரியாசிஸுக்குக் கேட்பதைக் கண்டு எழுதினார். 1916-ல் ஜெர்மனியில் அதன் செயற்கை வடிவம் டித்ரனால் என்ற பெயரில் சிகிச்சைக்கு வந்தது.

செதில் உதிர்ந்தது. கூடவே, நல்ல தோல் எரிந்தது. துணியிலும் தோலிலும் காவிக்கறை பிடித்தது. இரவு முழுக்கப் பூசியபடி கிடக்க வேண்டியிருந்த அந்த மருந்தை, பின்னாளில் மருத்துவர்கள் 10 முதல் 30 நிமிடம் மட்டும் வைத்துக் கழுவிப் பார்த்தார்கள். பலன் பெரிதாகக் குறையவில்லை, எரிச்சல் வெகுவாகக் குறைந்தது. மருந்து அதேதான், மாறியது நேரம் மட்டும். இன்றைக்கும் எரிச்சல் தாங்காதவர்களுக்குப் பருக் களிம்புகளில்கூட இப்படிக் கொஞ்ச நேரம் வைத்துக் கழுவும் முறையை மருத்துவர்கள் சொல்வதுண்டு. எந்த மருந்துக்கு எத்தனை நிமிடம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

குளுகுளு டியூபுக்குள் என்ன இருக்கிறது?

மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் ‘உடனடி நிவாரண’ டியூப்கள் பலவற்றில் மூன்று, நான்கு மருந்துகள் கலந்திருக்கும். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. அரிப்பை மூன்று நாளில் அடக்குவது அந்த ஸ்டீராய்டுதான்.

ஸ்டீராய்டு களிம்பு கெட்ட மருந்தல்ல. சரியான நோய்க்கு, சரியான வீரியத்தில், குறித்த நாட்களுக்குப் போட்டால் அதைப் போல உதவுவது குறைவு. ஆனால் கழுத்து, முகம், தொடையிடுக்கு போன்ற மெல்லிய தோலில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் தெரியும், வரிவரியாகத் தழும்பு விழும். திடீரென்று நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் பொங்கிவரும். மங்குவுக்கும் முகம் வெளுக்கவும் என்று பூசப்படும் மூன்று மருந்துக் கலவை க்ரீம்களிலும் இந்தச் சிக்கல் உண்டு.

படர்தாமரையில் கதை இன்னும் மோசம். ஸ்டீராய்டு, தோலின் எதிர்ப்பை அடக்குவதால் அரிப்பும் சிவப்பும் குறைகின்றன. எதிர்ப்பு இல்லாத பூஞ்சை சத்தமில்லாமல் பரவுகிறது. இந்தியாவில் கடந்த சில ஆண்டுகளாக எளிதில் ஆறாத படர்தாமரை பெருகியதற்கு இந்தக் கலவை டியூப்களும் ஒரு காரணம் என்கிறார்கள் தோல் மருத்துவர்கள். இதில் முக்கியமான பூஞ்சைக்கு 2020-ல் ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே’ என்று இந்தியாவின் பெயர் சேர்த்தே பெயர் வைத்தார்கள். வழக்கமான டெர்பினாஃபைன் மாத்திரைக்குப் பல நேரம் மசியாத இது, நியூயார்க் வரை போய்விட்டது 2023-ல் தெரியவந்தது.

2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு தோல் களிம்புகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் டியூபின் பின்பக்கத்தைப் படிப்பது நம் கையில்தான் இருக்கிறது. குளோபீட்டாசோல், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், ஃபுளுசினோலோன் போன்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. எப்படிக் குறைப்பது என்று மருத்துவரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

வெயிலும் உப்புத் தண்ணீரும்

புத்தகத்தில் எழுதியிருக்கும் ஆலோசனைகள் முதுகுளத்தூர் வெயிலில் கொஞ்சம் மாற்றிப் படிக்கப்பட வேண்டியவை.

தண்ணீர்: போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்களில் சோப்பு நுரைக்காது, முழுதாகக் கழுவவும் வராது. தோலில் தங்கும் சோப்புப் படலம் எரிச்சலைக் கூட்டும். குளியல் முழுவதற்கும் நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டாலும், சோப்பைக் குறைத்துக்கொண்டு, கடைசி இரண்டு செம்பு மட்டும் காவிரித் தண்ணீரோ சேமித்த மழைத் தண்ணீரோ ஊற்றிக்கொள்ளலாம். ராமேஸ்வரம், தேவிபட்டினம் போய்க் கடலில் முழுக்குப் போட்டால், உப்பு தோலில் காயும் முன் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

மிளகாய்: கேப்சைசின் எண்ணெயில்தான் கரையும். வெறும் தண்ணீரில் கழுவிய கையோடு களிம்பைத் தொட்டால் மருந்தோடு மிளகாயும் சேர்ந்து பூசப்படும். முதலில் கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருந்தைத் தொடலாம். களத்துக்குப் போகும்போது கழுத்தை மறைக்கும் பருத்தித் துண்டு நல்லது. வேலை முடிந்ததும் அதைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

நெருப்பு: இதைப் பலரும் யோசிப்பதில்லை. வறட்சிக்குப் பூசும் பாரஃபின், வாசலின் வகைக் களிம்புகள் துணியில் ஊறி ஊறிப் படிந்தால், அந்தத் துணி சட்டென்று தீப்பிடிக்கும். விறகடுப்பில் சமைப்பவர்களும், சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுபவர்களும் களிம்பு படிந்த சேலை, சட்டையோடு நெருப்புக்கு அருகில் போகக் கூடாது. வேலை முடிந்து குளித்த பிறகு இரவில் பூசிக்கொள்வதே பாதுகாப்பு.

வாசலைத் தாண்டும் முன் மூன்று கேள்வி

அந்தப் பெண் மறுபடி ராமநாதபுரம் போகிறார். இந்த முறை மகனும், இரண்டு டியூப்களும் கூடவே. மருத்துவர் கலவை டியூபைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொல்லி, பழைய டாக்ரோலிமஸையே மறுபடி எழுதுகிறார். மகனுக்குத் தனியாகப் படர்தாமரை மருந்து. வட்டத்தின் விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும், பார்வைக்கு மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும், துண்டு தனி, துணி வெயிலில் காய வேண்டும் என்று விளக்குகிறார்.

எழுந்து கிளம்பும்போது அந்தப் பெண் தயங்கி நிற்கிறார்.

“டாக்டரம்மா, இது எரியுமா?”

“எரியும்மா. பூசினதும் கொஞ்ச நேரம் காந்தும். ஒரு வாரம், பத்து நாள்ல பழகிரும். கொப்புளம் வந்தாலோ, பத்து நாளைக்கு அப்புறமும் கூடிக்கிட்டே போனாலோ மட்டும் உடனே வாங்க.”

வெளியே வந்ததும் மாமியார் சொல்கிறார்: “இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கே கேட்டிருந்தா ஆறு மாசம் மிச்சமாயிருக்குமேத்தா.”

கேட்க வேண்டியது மூன்றே கேள்விதான். இது எரியுமா? எத்தனை நாள் எரியும்? என்ன ஆனால் நிறுத்தணும்? தோல் மருந்துச் சீட்டோடு எழுந்திருக்கும் ஒவ்வொருவரும் கேட்கலாம். மருத்துவர் அவசரத்தில் இருந்தால் செவிலியரிடமோ, மருந்து கொடுக்கும் இடத்திலோ கேட்கலாம். பதிலை வீட்டில் மருந்து பூசிவிடுகிறவரிடமும் சொல்லி வைக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு “கழுவிரு” என்று சொல்லப்போவது அவர்தானே!